மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்

உழவர் சந்தை நடக்கிற ஊர்களில் ஒரு மனு அடிக்கடி எழுதப்படும். சந்தைக்கு வெளியே சாலையோரம் கடை போட்டிருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும், அவர்களால் உள்ளே இருக்கிற உழவர்களுக்கு வியாபாரம் கெடுகிறது என்று மாவட்ட ஆட்சியருக்கோ நகராட்சி ஆணையருக்கோ போகும் மனு. கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மவர்கள்தான். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஊர் ஊராக வந்த சந்தைகளில் இந்தச் சச்சரவு இல்லாத இடம் குறைவு.

நம் பக்கத்து நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் வண்டி பிடித்து, அடையாள அட்டை காட்டி, தராசு வாங்கி, பலகையில் எழுதின விலைக்கு விற்கிறோம். வெளியே எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. மொத்த மண்டியில் எடுத்த தக்காளியை வாசலிலேயே கொட்டி விற்றால் உள்ளே யார் வருவார்? கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் வெளியே இருப்பது ஒரே கூட்டம் இல்லை நண்பர்களே. நின்று பார்த்தால் இரண்டு வகை தெரியும். ஒன்று, குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, நூறு பெட்டித் தக்காளியோடு வந்து நிற்கிற வியாபாரி. இன்னொன்று, சாக்கு விரித்து நாலு கூறு கத்திரிக்காய், பத்துக் கட்டுக் கீரை, ஒரு தட்டில் எலுமிச்சை வைத்திருக்கிற அம்மா. மனுவின்மேல் நடவடிக்கை என்று நகராட்சி வண்டி வருகிறபோது குட்டியானைக்காரர் சாவியைத் திருகிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். சாக்கு விரித்தவர் மாட்டிக்கொள்வார். கீரையும் போகும், தராசும் போகும். யாருக்கு எதிராக மனு எழுதினோமோ அவர் மாட்டியதே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சாக்குக்காரரைப் பற்றியது. அவரை "இடைத்தரகர்" என்ற ஒரே சொல்லில் கமிஷன் மண்டிக்காரரோடு சேர்த்துக் கட்டிப்போடுவது நம் இயக்கத்தில் பழகிப்போயிற்று. அது சரியில்லை என்பது என் கருத்து.

உழவரும் இல்லை, வியாபாரியும் இல்லை

சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேரை விசாரித்தால் வயலோடு தொடர்பு உள்ளவராகவே இருப்பார். குத்தகைக்கு அரை ஏக்கரில் கீரை போட்டவர், வீட்டுக்காரர் பேரில் உள்ள நிலத்தில் தானே பாடுபடுகிறவர், களையெடுக்கப் போன இடத்தில் கூலியோடு கொஞ்சம் காயும் வாங்கிவந்து விற்கிறவர் என்று பல விதம். அப்படியானால் உள்ளே போய் உட்காரலாமே என்று கேட்போம். உள்ளே போக அட்டை வேண்டும். அட்டைக்கு நிலத்தின் ஆவணம் வேண்டும். பட்டா யார் பேரில்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு சாகுபடிதாரர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 பேர்தான். நாற்று நடுவதும் களை பறிப்பதும் அறுப்பதும் யார் என்று நமக்குத் தெரியும். காகிதத்தில் மட்டும் அவர் உழவர் இல்லை. பெண் உழவர்களுக்கு உரிமை அட்டை கொடுக்க வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகாமல் காலாவதியாகிப் போனது.

சரி, உழவர் அட்டை இல்லை, தெருவோர வியாபாரி என்ற அட்டையாவது கிடைக்குமா? 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு) சட்டம் வந்தது. நல்ல சட்டம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அதில் விற்பனைச் சான்று வாங்குகிறவர் சில உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் ஒன்று, தனக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது. முழுநேரம் நகரத்திலேயே கடை போடுகிறவரை மனதில் வைத்து எழுதியது போலிருக்கிறது. சித்திரை வைகாசியில் கீரை விற்று, ஆடியில் நடவுக்குப் போய், நடுவில் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண் அந்த வரியில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? சந்தைக்குள் போனால் நீ வியாபாரி என்கிறார்கள், தெருவில் உட்கார்ந்தால் உனக்குத்தான் வேறு வேலை இருக்கிறதே என்கிறார்கள்.

'முறைசாராத் துறை' என்ற பெயரை 1970களின் தொடக்கத்தில் கீத் ஹார்ட் என்ற மானுடவியலாளர் கானா நாட்டின் அக்ரா நகரத்து ஏழைகளைப் படித்துவிட்டு வைத்தார். இந்தியாவில் உழைப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தத் துறைதான், நாமும் அதில்தான் இருக்கிறோம். உழவரும் தெருவோரத்து அம்மாவும் ஒரே வீட்டு ஆட்கள் என்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காலையில் 900, மாலையில் 1000

அவருடைய முதலீட்டுக் கணக்கைப் பாருங்கள். நகரத்து மொத்தச் சந்தைக்கு அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குப் போனால்தான் சரக்கு கிடைக்கும். கையில் காசு இருக்காது. நேற்று விற்ற பணம் நேற்றைய அரிசிக்கும் பிள்ளையின் மருந்துக்கும் போயிருக்கும். சந்தை ஓரத்திலேயே தண்டல்காரர் இருப்பார். காலையில் 900 ரூபாய் கொடுப்பார், சாயங்காலம் 1000 ரூபாயாக வாங்கிக்கொள்வார். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. முகம் தெரிந்தால் போதும்.

நூறு ரூபாய்தானே என்று தோன்றும். ஆண்டுக்கு 300 நாள் இப்படி எடுத்தால் வட்டி மட்டும் 30,000 ரூபாய், 900 ரூபாய் முதலுக்கு. நாம் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குகிற பயிர்க்கடன் 7 விழுக்காடு. அந்தக் கணக்கில் 900 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 63 ரூபாய், தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் தண்டல்காரரைப் பிடித்துக் கொடுத்தால் நாளைக் காலை மூன்று மணிக்கு 900 ரூபாய் யார் கொடுப்பார்? சட்டம் அந்த மூன்று மணிக்குத் திறந்திருப்பதில்லையே.

2020 ஜூனில் ஒன்றிய அரசு தெருவோர வியாபாரிகளுக்கென்று 'ஸ்வநிதி' கடன் திட்டம் தொடங்கியது. முதல் தவணை 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. 2025இல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விற்பனைச் சான்றோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அட்டை இல்லாதவருக்கு மறுபடியும் தண்டல்தான் கதி.

இதன்மேல் தரைக்காசு. வாரச்சந்தையையும் தினசரிச் சந்தையையும் உள்ளாட்சி ஏலம் விட்டுவிடும். குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே. பலகையில் ஒரு தொகை இருக்கும், கையில் வாங்குவது வேறு தொகை. ரசீது கேட்டால் நாளைக்கு இடம் இருக்காது. வேலூர்ப் பக்கம் போனாலும் நெல்லைப் பக்கம் போனாலும் இந்தப் பாட்டு ஒன்றுதான்.

பெண் என்பதால் வருகிற செலவு

ஆண் வியாபாரிக்கும் மேலே சொன்னதெல்லாம் உண்டு. பெண்ணுக்குக் கூடுதலாகச் சில. அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பியவர் பகல் ஒரு மணிவரை சிறுநீர் கழிக்க இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார். வெயிலில், தார்ச்சாலையில், தண்ணீர் குடிக்காமல். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் அவர்களுக்கு ஏன் வருகிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. கட்டணக் கழிப்பறை இருந்தால் ஒவ்வொரு முறையும் காசு, போய்வரும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. பெருமைப்படலாம். அந்தத் துணிக்கடை வாசலில் உட்கார்ந்து பூ விற்கிறவருக்கு எழுந்து போ என்பதுதான் சட்டமாக இருக்கிறது.

பேருந்து இன்னொரு கதை. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூடைக்காரப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் வருமானத்தில் கணிசமான பகுதி மிச்சம். ஆனால் கூடையைப் பார்த்தால் நிறுத்தாமல் போகிற வண்டியும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பேசப்பட்டது அந்த ஒன்று. பேசப்படாமல் போவது நம் கண்முன்னே அன்றாடம் நடக்கிறது.

வாய்ச்சொல் தொல்லை, கைத்தொல்லை பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் முறைசாராத் தொழிலாளருக்கும் பொருந்தும். மாவட்டந்தோறும் அதற்கென்று உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். சந்தையில் ஒரு பலகையில்கூட இந்தத் தகவலை நான் பார்த்ததில்லை.

நமக்கு இவரால் என்ன லாபம்?

இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டே சொல்கிறேன்.

இயற்கை வழியில் விளைந்த கத்திரிக்காய் நாலு நேராக இருக்கும், ரெண்டு வளைந்திருக்கும், ஒன்றில் புழு ஓட்டை இருக்கும். குளிரூட்டிய கடைக்காரர் நாலை எடுத்துக்கொண்டு மூன்றைத் திருப்பி அனுப்புவார். செயலி மூலம் வாங்குகிற நிறுவனமும் தரம் பிரித்துத்தான் எடுக்கும். திருப்பின மூன்றைக் கூறு கட்டி விற்கிற திறமை யாரிடம் இருக்கிறது? தெருவோரத்து அம்மாவிடம்தான். பெரியது ரெண்டு மேலே, சின்னது கீழே, சொத்தையைத் தனியாக எடுத்து ஒரு மலிவுக் கூறு. தராசே வேண்டாம். பத்து ரூபாய் மட்டும் கையில் வைத்திருப்பவருக்கும் அங்கே காய் உண்டு. நம் நஞ்சில்லா உணவு கார் வைத்திருப்பவர் வீட்டுக்கு மட்டும் போனால் போதும் என்றால் கூறு தேவையில்லை. கூலிவேலை செய்கிறவர் வீட்டுக்கும் போக வேண்டும் என்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கீரை இன்னும் தெளிவான கணக்கு. சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் மூன்று நாலு வாரத்தில் பிடுங்கலாம். அரைக்கீரையைத் திரும்பத் திரும்ப அறுக்கலாம். பறித்த அன்றே விற்க வேண்டும். மதியத்துக்குமேல் வாடிப்போகும். தொலைதூர மண்டிக்கு அனுப்பி விலை பேச நேரமே கிடையாது. பத்து கிலோமீட்டருக்குள் முப்பது பெண்கள் கூடையில் எடுத்துப் போனால்தான் கீரை பணமாகும்.

அடுத்தது நாம் பயிரிடாத கீரை. பண்ணைக்கீரை, துத்தி, முடக்கத்தான், தும்பை, கோவை இலை, வரப்புப் பொன்னாங்கண்ணி. நிலமில்லாத பெண்கள் களையெடுக்கும்போது மடியில் பறித்து வந்து, காசு போடாமல் விற்கிற ஒரே சரக்கு இதுதான். எது மூட்டுவலிக்கு, எது வாய்ப்புண்ணுக்கு என்று சொல்லிக் கொடுப்பதும் அவர்களே. தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் தலித் பெண்கள் சங்கங்கள் இப்படிப் பயிரிடாமலே கிடைக்கும் கீரைகளை அடையாளம் கண்டு, அவற்றுக்கென்று விழாவே எடுத்திருக்கிறார்கள். களைக்கொல்லி அடித்த வயலில் இந்தக் கீரை கிடையாது. மண்புழு செத்தது, நுண்ணுயிர் செத்தது என்று மேடையில் சொல்கிறோம். ஒரு பெண்ணின் முதலீடில்லாத வருமானமும் அதே தெளிப்பானில்தான் போனது. கிளைபோசேட்டை பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கட்டுப்படுத்தியது. உரக்கடையில் போய் நிலைமையை நீங்களே பாருங்கள்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். எல்லா அம்மாக்களும் இயற்கைக் காய்க்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட மாட்டார்கள். பளபளக்கும் தக்காளிதான் சீக்கிரம் விற்கிறது என்பார்கள். நம் காயையும் மண்டிக் காயையும் ஒரே கூறில் கலப்பதும் நடக்கும். அழுக்குத் தண்ணீரில் கீரையை நனைப்பதும் நடக்கும். கடனில் ஓடுகிற வியாபாரத்தில் எது இன்றைக்கு விற்குமோ அதுதான் சரக்கு. அவர்களைக் குறை சொல்லுமுன், சாயங்காலம் ஆயிரம் ரூபாயோடு நிற்க வேண்டியது யார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2014 சட்டத்துக்கு வருகிறேன். நகரத்தில் உள்ள தெருவோர வியாபாரிகள் அனைவரையும் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. அப்புறப்படுத்துவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருள் என்றால், உரியவர் கேட்ட அன்றே உரிய கட்டணம் பெற்றுத் திருப்பித் தர வேண்டும். மற்றவை இரண்டு வேலைநாளுக்குள். விற்பவரும் வாங்குபவரும் நெடுங்காலமாக மரபாகக் கூடி வியாபாரம் நடந்துவரும் இடத்தை 'இயற்கைச் சந்தை' என்று சட்டம் மதிக்கிறது. பெயர் நமக்குப் பிடித்த பெயர்தான்!

ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் எங்கே, நேரம் என்ன, கட்டணம் எவ்வளவு என்று பேச வேண்டிய இடம் இந்தக் குழு. நாம் ஆட்சியருக்கு எழுதுகிற மனுவும் உண்மையில் இங்கேதான் போக வேண்டும். தமிழ்நாடு 2015இலேயே விதிகள் வகுத்துவிட்டது. உங்கள் நகராட்சியில் குழு இருக்கிறதா, உறுப்பினர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஒட்டிக் கேளுங்கள்.

கடையை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் தவறு. சென்னை பாண்டிபஜார் நடைபாதைக் கடைகளை 2013இல் பலமாடி வளாகத்துக்குள் கொண்டுபோனார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டு விற்ற சரக்கு, மாடிப்படி ஏறி வந்து வாங்கச் சொன்னால் விற்குமா? வியாபாரம் படுத்துவிட்டது என்பதுதான் அங்கே போனவர்களின் புலம்பல்.

சங்கமாகச் சேர்ந்தவர்கள்

அகமதாபாத்தில் எலா பட் 1972இல் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை யோசித்தது. முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம், யாரோடு பேரம் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். தலைச்சுமைப் பெண்களும் மாணிக் சவுக் காய்கறிப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். 1974இல் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு நாலாயிரம் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். தண்டலுக்குப் பதில் அதுதான். சென்னையிலும் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு பூக்காரப் பெண்களுக்கும் காய்கறிப் பெண்களுக்கும் சிறுகடன் கொடுத்தே வளர்ந்தது.

மணிப்பூர் இம்பாலில் 'இமா கெய்தல்' என்ற சந்தை. இமா என்றால் அம்மா. விற்பவர்கள் ஆயிரக்கணக்கில், அத்தனை பேரும் பெண்கள். 1939 டிசம்பரில் வியாபாரிகள் அரிசியை வெளியூருக்கு ஏற்றுமதி செய்து உள்ளூரில் பஞ்சம் வந்தபோது தெருவில் இறங்கியவர்கள் இந்தச் சந்தைப் பெண்கள்தான். அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு ஏற்றுமதியை நிறுத்து என்றார்கள். துப்பாக்கிமுனைக் கத்திக்குத்து பட்டார்கள். பிறகு பல மாதம் சந்தைக்கே வராமல் புறக்கணித்தார்கள். நெல் யாருக்கு என்ற கேள்வியை விளைவித்தவருக்கு முன்னால் விற்றவர் கேட்ட வரலாறு அது. நம் இயக்கக் கூட்டங்களில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நம் ஊரில் என்ன செய்யலாம்

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்த பங்கேற்பு உத்தரவாதக் குழு (பிஜிஎஸ்) பல ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குழு பக்கத்து நகரத்தில் பத்துப் பெண்களைத் தேர்ந்து, காலை ஆறு மணிக்கு அவர்கள் உட்காரும் இடத்திலேயே சரக்கை இறக்கலாம். காசு அன்று வேண்டாம், மறுநாள் காலை முந்தின நாள் சரக்குக்கு வாங்கிக்கொள்ளலாம். இது ஒன்று செய்தாலே தண்டல்காரருக்குப் போகிற நூறு ரூபாய் நின்றுவிடும். இரண்டு மணிக்கு மண்டிக்குப் போகிற வேலையும், வண்டிச் செலவும் மிச்சம்.

மீந்த கீரைக்கு யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும், அங்கேதான் உறவு முறியும். பாதிப்பாதி என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வருவது நமக்கு மாட்டுத் தீவனம், எருக்குழி. அவருக்கு அது முழு நட்டம். விலையை மண்டி விலையோடு ஏற்றி இறக்காமல் மாதத்துக்கு ஒரு விலை என்று கட்டினால் இருவருக்கும் தூக்கம் வரும். தக்காளிக்கு இது கடினம், கீரைக்கும் கத்திரிக்கும் வாழைக்காய்க்கும் முடியும். கலப்படம் வராமலிருக்க நம் கீரைக்கட்டுக்கு வாழைநாரோ தென்னங்கீற்றோ கட்டி அனுப்பலாம். ரப்பர் வளையம் போட்டது மண்டிக் கட்டு என்று வாங்குகிறவருக்கே தெரிந்துபோகும்.

களையெடுக்க வருகிற பெண்கள் பண்ணைக்கீரை பறித்துக்கொள்ளட்டும், அதற்குக் கூலியில் பிடிக்க வேண்டாம். பட்டாவில் மனைவி பெயரையும் சேர்க்க முடிந்தவர்கள் சேர்த்துவிடுங்கள், உழவர் சந்தை அட்டையை அவர் பேரிலேயே எடுக்கலாம்.

அந்த மனு விஷயம். அடுத்த முறை யாராவது கையெழுத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு வரி மாற்றச் சொல்லுங்கள். மொத்தச் சரக்கோடு வாகனத்தில் நின்று விற்பவர்களைச் சந்தை நேரத்தில் வாசலை விட்டுத் தள்ளி நிறுத்த வேண்டும் என்று ஒன்று. கூடையில், சாக்கில் விற்கிற பெண்களுக்கு மதில் ஓரமாக இடம் குறித்து, சந்தைக்குள் இருக்கிற கழிப்பறையையும் குடிநீரையும் அவர்களும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று இன்னொன்று. ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுத்தால் ஒரு தார்ப்பாய்ப் பந்தலும் சேர்த்துக் கேட்கலாம்.